துண்டுக்கடியில் பேசிய விரல்கள்

"இந்தத் தணிகைவேலை ஏமாற்றக்கூடிய காசை எந்த அக்கசாலையும் இதுவரை வார்த்ததில்லை. இனி வார்க்கப்போவதுமில்லை!"

காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு இப்படிப் பிரகடனம் செய்தவர் என் முதலாளி, வேலூர் துப்பறியும் நிபுணர் தணிகைவேல். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. தம்மைப் பற்றிப் பேசும்போது அவர் சிரிப்பதில்லை. அந்த வேலையைக் கேட்பவர்களுக்கு விட்டுவிடுவார்.

பிரகடனத்துக்குக் காரணம் நான். தூணோரம் உட்கார்ந்திருந்த பிச்சைக்காரனின் அலுமினியத் தட்டில் பத்து பைசா போட்டுவிட்டேன்.

"ஏன்டா போட்டே?"

"தட்டுல ஏற்கெனவே எட்டணா கெடந்தது சார். யாரோ பெரிய மனுஷர் போட்டிருக்காரு. நாம பத்து பைசாவாவது போடலன்னா நல்லா இருக்காதேன்னு..."

"அந்தப் பெரிய மனுஷன் அதோ ஒக்காந்திருக்கான், பாரு." பிச்சைக்காரனையே காட்டினார். "காத்தால கடை தொறக்கும்போதே சொந்த எட்டணாவ எடுத்துத் தட்டுல வெப்பான். ஓரத்துல இல்ல, நட்டநடுவுல. சிங்கம் மேல பாக்கணும். வெச்சிட்டு, அந்தக் காசுக்கும் தனக்கும் ஒட்டு உறவே இல்லாத மாதிரி ஆகாசத்தப் பாப்பான். அப்புறம் ஒரு இளிச்சவாயன் வந்து பத்து பைசா போடுவான்."

"அந்த இளிச்சவாயன் பி.ஏ. எழுதினவன் சார்."

"ரெண்டு தடவை."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் மூடவில்லை.

"பிச்சை எடுக்கறவன நான் தப்பு சொல்லமாட்டேன், நந்து. பிச்சை போடறவன் வேஷத்துல பிச்சை எடுக்கறான் பாரு, அவன்தான் நாட்டுக்கே ஆபத்து. லோகத்துலயே கேவலமான காசு அந்த மொதல் காசுதான்."

பிச்சைக்காரன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரயில் வந்தது.

எங்களோடு மூன்றாவதாக ஏறியவர் தானியேல். ஆம்பூர்க்காரர். கேஸ் அவருடையது. நாற்பது வயது இருக்கும். கைகளைத் துண்டுக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். குளிர் இல்லை. வடஆர்க்காடு ஜில்லாவில் ஏப்ரல் மாதத்தில் குளிருகிறது என்று சொல்பவனுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

"இப்ப சொல்லுங்க," என்றார் தணிகைவேல்.

தானியேல் சொன்னதன் சுருக்கம் இது:

ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் சர்க்கார் ஒரு ஷெட்டு கட்டியிருக்கிறது. சுந்தரமூர்த்தி என்று ஒரு ஸ்பெஷல் ஆபீசர் அதற்குப் பொறுப்பு. கடல் கடந்த ஒரு நாடு, நம்மேல் உள்ள பிரியத்தினாலோ தங்கள் கிடங்கில் உள்ள இட நெருக்கடியினாலோ, அந்த ஷெட்டுக்கு ஒரு மெஷினை அன்பளிப்பாக அனுப்பியிருக்கிறது. ஒரே தோலை மேல்தோல், அடித்தோல் என்று இரண்டாகச் சீவும் மெஷின். கூடவே உதவிப் பணமும் உண்டு. ஆனால் அந்தப் பணம் கூச்ச சுபாவம் உள்ளது. தனியாக வெளியே வராது. உள்ளூர்த் தோல் வியாபாரிகள் ஒன்று சேர்ந்து தங்கள் பங்கைக் கட்டினால்தான் வரும். சர்க்கார் முன்னால் நின்றால் பணக்காரர்களுக்குப் பின்னாலேயே தைரியம் வந்துவிடும் என்பது திட்டத்தின் தத்துவம்.

"அதாவது, தட்டுல எட்டணா," என்றேன்.

தணிகைவேல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே குடியாத்தம் பக்கத்துக் கருவேல மரங்கள் தவிர ஒன்றும் இல்லை.

"பொங்கலுக்கு விழா நடந்துச்சு சார்," தானியேல் தொடர்ந்தார். "மேடை, மைக்செட்டு, எல்லாம். வாணியம்பாடி நயீம் அகமது பாய்தான் மொதல்ல எழுந்து 'எம் பங்கு உண்டு'ன்னாரு. அவர் எழுந்ததும் நம்ம ஊரு ரஷீத் அஹமது பாய் எழுந்தாரு. அப்புறம் வரிசையா எல்லாரும். ஒரே கைதட்டல். அதோட சரி. இன்னிக்கி தேதி வரைக்கும் ஒருத்தரும் ஒரு ரூவா கட்டல. இன்னிக்கி சாயங்காலம்தான் கெடு. தாண்டுச்சுன்னா மெஷின கூட்ஸ்ல ஏத்தி வடக்க ஏதோ ஊருக்கு அனுப்பிடறாங்க."

"உங்களுக்கு என்ன நஷ்டம்?"

தானியேல் துண்டை விலக்கினார். பழைய சுவரில் காரை பெயர்ந்த மாதிரி இருந்தன கைகள். நகம் இருக்கவேண்டிய இடங்களில் பாதிக்கு மேல் நகம் இல்லை.

"சுண்ணாம்புக் குழி சார். தோல்ல முடி கழலறதுக்குப் போடற சுண்ணாம்பு. முடியோட நிக்காது. இந்த மெஷின ஓட்டப் பழகிக்கன்னு சர்க்காருதான் என்ன மெட்ராசுக்கு அனுப்புச்சு. பழகிட்டு வந்தேன். பழைய தொழிற்சாலைல எம் மேஸ்திரி வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. இப்ப அங்க காலி இருக்கறது குழி வேலைதான். இன்னும் ஒரு வருஷம் குழில எறங்கினா வெரல் மடங்கவே மடங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க." மறுபடியும் துண்டால் மூடிக்கொண்டார். "மெஷின் வேலை காஞ்ச வேலை சார். எவனோ அவங்கள தடுக்கறான். யாருன்னு மட்டும் கண்டுபுடிச்சிக் குடுங்க. கால்ல உழுந்தாவது கேட்டுக்கறேன்."

"உழ வேணாம்," என்றார் தணிகைவேல். "சாயங்காலத்துக்குள்ள அவன் உங்க கால்ல உழுவான்."

இது அவருடைய இரண்டாவது பிரகடனம். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது.

தானியேல் ஆம்பூரில் இறங்கிக்கொண்டார். நாங்கள் வாணியம்பாடிக்குப் போனோம். அங்கே நாற்றம் ஸ்டேஷனுக்கே வந்து மாலை போட்டு வரவேற்றது. அது கூட்டிக்கொண்டு போன வழியிலேயே நடந்தோம். நயீம் அகமதுவின் மண்டி வந்தது.

உப்புப் போட்ட தோல்கள் கூரை வரை அடுக்கியிருக்க, நடுவில் ஒரு திவானில் சாய்ந்திருந்தார் பாய். வெள்ளைத் தாடி, வெள்ளைச் சட்டை, தோளில் வெள்ளைத் துண்டு.

"வாங்க, வாங்க. சாயா சொல்லட்டுமா?"

"ஒரே கேள்விதான் பாய். விழாவுல மொதல்ல எழுந்தவர் நீங்க. ஏன் இன்னும் பணம் கட்டல?"

"கட்டுவேனே! நான் வாக்குத் தவறினவன்னு இந்த பஜார்ல ஒருத்தன் சொல்லட்டும். வந்ததும் கட்டிடுவேன்."

"எது வந்ததும்?"

பாய் இருமினார். "நேரம்."

"உங்கள யாராவது பயமுறுத்தறாங்களா?"

"என்னையா? ரஷீத் பாய் மாதிரி ஆளே சொந்தப் பணத்த எறக்கறேன்னு நிக்கறாரு. அவருக்கு இருக்கற தில்லு எனக்கு இல்லியா?" சொல்லிவிட்டு ஏனோ சங்கடப்பட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

துண்டின் நடுவில் பச்சையாக ஒரு கறை.

"பாய் வெத்தலைய பச்சையாவே துப்புவாரு போல," என்று தணிகைவேல் காதில் சொன்னேன்.

"வெத்தலை செவக்கும்டா. அது மை." அவர் உதடு அசையாமல் பேசினார். "பச்சை மைல எழுதறவன் நம்ம தேசத்துல யாரு?"

எனக்குக்கூடத் தெரியும். கெஜட்டில் பேர் வந்த அதிகாரி. மற்றவர்கள் பச்சை மையில் எழுதினால் அது திமிர்.

"பாய், அந்தத் திட்டத்து ஸ்பெஷல் ஆபீசர் சுந்தரமூர்த்தி உங்ககூடத் துண்டு போட்டுப் பேசினாரா?"

பாயின் முகம் மண்டிக் கதவு மாதிரி சாத்திக்கொண்டது.

மாட்டுச் சந்தையிலும் தோல் மண்டியிலும் விலையை வாயால் பேசமாட்டார்கள். விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்கடியில் சந்திக்கும். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை ரூபாய். பக்கத்திலேயே பத்துப் பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. பேரம் முடிந்த பிறகும் தெரியக்கூடாது. பெண்டாட்டியிடம் சொன்னாலும் பாவம்.

"துண்டுக்குள்ள பேசினது வெளிய வராது ஐயா," என்றார் நயீம் அகமது. "எங்க தொழிலுக்கு மானம்னு இருக்கறதே அது ஒண்ணுதான்."

"வெளிய வர வேணாம்," என்றார் தணிகைவேல். தம் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, பாயின் கைமேல் போட்டார். "நான் உள்ள வர்றேன்."

பாய் ஒரு நிமிஷம் யோசித்தார். விரலால் கேட்டால் விரலால் பதில் சொல்லக்கூடாது என்று எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது. துண்டு அசைந்தது. பூனைக்குட்டி புகுந்த மாதிரி ஒரு புடைப்பு இப்படியும் அப்படியும் நகர்ந்தது. பாய் சத்தமாக வெயிலைப் பற்றிப் பேசினார். தணிகைவேல் சத்தமாக ஆமோதித்தார். பிறகு துண்டு எடுக்கப்பட்டது.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றார் பாய்.

"நானும் ஒண்ணும் கேக்கல," என்றார் இவர்.

தெருவுக்கு வந்ததும் அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்: "இன்னா சார் சொன்னாரு?"

"அவர் கட்டறதா சொன்ன பங்குல கால்வாசிய சர்க்காரே திருப்பிக் குடுக்கறதா பேச்சான்னு ஒரு வெரல புடிச்சேன். அசையல. பாதியான்னு ரெண்டு வெரல். அசையல. கடைசில என் அஞ்சு வெரலையும் சேத்து ஒரு அமுக்கு அமுக்கினாரு பாரு. இன்னும் வலிக்குது."

"அஞ்சும்னா?"

"முழுசும்."

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஊருக்கு முன்னால் தைரியமாக எழுந்த முதல் தனியார் முதலீடு சர்க்கார் பணம்! பாய் கட்டுவதாகச் சொன்ன பங்கு முழுவதையும் அந்த ஆபீசர் உதவிப் பணத்திலிருந்து ரகசியமாகத் திருப்பித் தருவதாகப் பேச்சு.

"காட்பாடி ஸ்டேஷன்ல சொன்னேனே, நந்து! அதே எட்டணா. அதே ஆகாசம்." அவருக்கு உற்சாகம் பொங்கியது. "கேஸ் முடிஞ்சது. இந்த விஷயம் மத்தவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. 'இவன் பொம்மை, நாம மட்டும் நெஜமாப் போடறதா'ன்னு பின்வாங்கிட்டாங்க. ரஷீத் அஹமதுவ ஒரு வார்த்தை கேட்டா முழுசா வெளிய வந்துடும்."

ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு ஆம்பூர் திரும்பினோம்.

ரஷீத் அஹமது இளைஞர். பட்டன் போட்ட கோட்டும் தோளில் கட்டம் போட்ட துண்டுமாகக் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நயீம் அகமது பேரை எடுத்ததும் அவர் கண்ணில் ஒரு இரக்கம் வந்தது.

"நல்ல மனுஷரு. வயசான காலத்துல சொந்தப் பணத்தப் போடறாரு. நான்கூட நெனச்சேன், வேணாம் பாய்னு சொல்லிடலாமான்னு."

நானும் தணிகைவேலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு துண்டைப் பார்த்தோம். கட்டத்துக்கு நடுவே பச்சை.

"சோடா போட்டுத் தோய்ச்சும் போவல," என்றார் ரஷீத், நாங்கள் பார்ப்பதைப் பார்த்து.

தணிகைவேல் பேசாமல் துண்டை எடுத்து உதறினார். இந்த முறை வெயிலைப் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது. வெளியே வந்த தணிகைவேல் ஐந்து விரலையும் ஊதிக்கொண்டார்.

அதற்கப்புறம் போன இடத்திலெல்லாம் அதே கதை. ஒரு கடையில் பச்சைக் கறை துண்டின் ஓரத்தில், ஒரு கடையில் நடுவில், அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு வியாபாரியும் தான் ஒருவன்தான் சர்க்கார் பொம்மை, மற்ற எல்லோரும் அசல் என்று நம்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரும் மற்றவர்களுக்காகப் பரிதாபப்பட்டார். தொழில் மானம் காரணமாக ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் முதலாளி வலது கையை மடக்க முடியாமல் தானியேலைப் போல நடந்து வந்தார்.

ஸ்பெஷல் ஆபீசர் சுந்தரமூர்த்தி டிராவலர்ஸ் பங்களாவில் இருந்தார். முப்பது வயது. கண்ணாடி. மேஜைமேல் ஒரு பேனா, அதைச் சுற்றிப் பச்சையாக ஒரு குட்டை.

"உங்க பேனா ஒழுகுது சார்," என்றேன்.

"சர்க்கார் பேனா. மாத்தித் தரச் சொல்லி எழுதிப் போட்டேன்."

"இதே பேனாவாலயா?"

தணிகைவேல் துண்டை மேஜைமேல் வீசினார். "வெரல் பேசணுமா, வாயே பேசிடுதா?"

சுந்தரமூர்த்தி தம் பச்சை விரல்களைப் பார்த்தார். ஓடவில்லை. மிரட்டவில்லை. தப்பிக்கப் பார்க்கிற ஆசாமியாக இருந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ஊர் ஊரா நடந்தேன் சார். எல்லாரும் ஒரே வார்த்தை: 'மொதல்ல யாராவது போடட்டும்.' ஒரு ஆள். மொதல்ல எழுந்திரிக்க ஒரே ஒரு ஆள் கெடச்சா போதும்னு தோணுச்சு. நயீம் பாய்கிட்ட மட்டும், உங்க பங்க நானே உதவிப் பணத்துலேருந்து திருப்பிடறேன்னேன். அவர்தான் துண்டப் போட்டாரு. எனக்கும் சௌகரியமா இருந்துச்சு."

"ரஷீத் அஹமது?"

"ரெண்டாவதா எழுந்திரிக்க மாட்டேன்னாரு. மூணாவதா எழுந்திரிக்கறேன்னாரு. அதனால அவர்கிட்டயும் அதே பேச்சு."

"மூணாவது ஆள்?"

"நாலாவதா."

"ஒரே தோலச் சீவிச் சீவி அத்தினி பேருக்கும் போத்திட்டீங்க," என்றேன். "மெஷின் எதுக்கு சார் உங்களுக்கு?"

அவர் சிரிக்கவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

"தூண்டில்ல எல்லாமே புழு," என்றார் தணிகைவேல். "மீன் எங்க?"

"மீனுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

"சரி. சொன்ன வாக்குப்படி உதவிப் பணத்தையாவது அவங்களுக்குக் குடுத்துத் தொலைக்கறதுதானே? மெஷினாவது ஓடும்."

"அவங்க பங்கு கட்டினாத்தான் உதவிப் பணத்த வெளிய எடுக்க முடியும் சார்."

"அவங்க ஏன் கட்டல?"

"உதவிப் பணம் வரட்டும்னு காத்திருக்காங்க."

பங்களாவில் ஒரு பல்லி உச்சுக் கொட்டியது. அது சொன்ன பலன் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

தணிகைவேல் எழுந்து அறைக்குள் நடந்தார். மோசடி என்று பிடிக்கலாமென்றால் ஏமாந்தவர் யாரும் இல்லை. கையாடல் என்று பிடிக்கலாமென்றால் பணம் இருந்த பெட்டியை விட்டு அசையவே இல்லை. முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கேஸை அவர் பார்த்ததில்லை. குற்றவாளி எதிரே உட்கார்ந்திருக்கிறான், ஒப்புக்கொள்கிறான், குற்றத்தை மட்டும் காணோம்.

"ஒரே ஒரு ஒதவி செய்ங்க," என்றார் சுந்தரமூர்த்தி. "சாயங்காலம் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. ரெண்டு நாளா நயீம் பாய் ஆள் அனுப்பி, ரஷீத் கட்டிட்டானான்னு கேக்கறாரு. ரஷீதும் அப்படித்தான். அவங்களுக்கு பயம் வந்திருக்கு சார். மத்தவன் முந்திக் கட்டிட்டு மெஷினத் தன் கைக்குள்ள போட்டுக்குவானோன்னு பயம். அது வந்தாப் பணம் வரும்."

"பொய்க்குக் காவல் நிக்கறது என் தொழில் இல்ல," என்றார் தணிகைவேல். "தானியேல் எங்கிட்ட கேட்டது உண்மை. அது கெடைக்கும். உண்மை தெரிஞ்சா அந்த வியாபாரிங்களே வெக்கப்பட்டுப் பணத்தக் கட்டுவாங்க. பாத்துக்கிட்டே இருங்க!"

மூன்றாவது பிரகடனம்.

ஆம்பூர் ஸ்டேஷன் கூட்ஸ் யார்டில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மெஷின் இருந்த மரப்பெட்டி திறந்த வேகன் பக்கத்தில் நின்றது. அதன்மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வதாக ஒரு படம் போட்டிருந்தது.

"துண்டு போட மறந்துட்டாங்க," என்றேன். யாரும் கவனிக்கவில்லை.

தொழிற்சாலை விட்டு வந்த ஆண்களும் பெண்களும் வேலி ஓரமாகத் திரண்டிருந்தார்கள். தானியேல் பெட்டிக்கு வெகு அருகில், அதைத் தொடாமல் நின்றார். அவர் மனைவி ஆரோக்கியமேரி கையில் தூக்குச் சட்டியோடு அவருக்குப் பின்னால் நின்றாள். வியாபாரிகள் எல்லோருமே வந்திருந்தார்கள். கெடு நாளில் யார் கட்டுகிறார்கள் என்று பார்க்க ஒவ்வொருவரும் வந்திருந்தார். நயீம் அகமது கக்கத்தில் ஒரு மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு, கண்ணை ரஷீத் மேலேயே வைத்திருந்தார். ரஷீத் கண்ணை அந்தப் பைமேல் வைத்திருந்தார். அவர் கோட்டுப் பாக்கெட்டும் காலையில் இருந்ததைவிடப் புடைப்பாக இருந்தது.

இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்ததற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பட்டபோது என் முதலாளி ஒரு பலகைமேல் ஏறிவிட்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம்..."

"சும்மா இரு நந்து." தொண்டையைச் செருமினார். "வியாபாரிங்களே! உங்க தோள்ல இருக்கற துண்டக் கொஞ்சம் விரிச்சுப் பாருங்க. அப்புறம் பக்கத்துல இருக்கறவர் துண்டப் பாருங்க!"

பார்த்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் பச்சை.

தணிகைவேல் எல்லாவற்றையும் சொன்னார். நன்றாகவே சொன்னார். ஒருவரும் வாக்கு மீறவில்லை, மானம் போகவில்லை, ஆனால் எல்லோருமே பொம்மைகள். இப்போதாவது அசல் மனிதர்களாக முன்வாருங்கள், ஒரு குடும்பத்தின் கஞ்சி இதில் இருக்கிறது என்று முடித்தார்.

அதைக் கேட்டு எழுந்த சத்தம் வெட்கத்தின் சத்தம் அல்ல.

"அல்லாவே!" என்று நெஞ்சில் கைவைத்தார் நயீம் அகமது. "அப்ப ஒருத்தர்கூட நெஜமாப் போடலியா?"

"ஒருத்தரும் போடல," என்றார் ரஷீத். அவர் முகம் தீபாவளிக் கடை மாதிரி மலர்ந்தது.

"பொழச்சேன்டா சாமி! நீ முந்திடுவியோன்னு ரெண்டு நாளா தூக்கம் இல்ல எனக்கு. சர்க்காராவது திருப்பிக் குடுக்கறதாவது, போனாப் போவுது, சொந்தப் பணத்தையே கட்டிடலாம்னு எடுத்தாந்துட்டேன்!" நயீம் அகமது மஞ்சள் பையைத் தட்டிக் காட்டினார்.

"நான் மட்டும்?" ரஷீத் கோட்டுப் பாக்கெட்டைத் தட்டினார்.

இருவரும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இத்தனை புத்திசாலிகளில் ஒருவர்கூடப் போடவில்லையென்றால் அது எவ்வளவு மோசமான வியாபாரமாக இருக்கவேண்டும்! நயீம் அகமது நேராக வந்து தணிகைவேலின் வலிக்கிற கையையே பிடித்துக் குலுக்கினார். "நீங்க மட்டும் சொல்லலன்னா மோசம் போயிருப்பேன் ஐயா. எப்ப வேணா வாணியம்பாடி வாங்க." மஞ்சள் பையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜட்கா ஏறினார். கொஞ்ச நேரத்தில் யார்டில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை.

சுந்தரமூர்த்தி வேகன் ஆட்களுக்குக் கையைக் காட்டினார். அவர் எங்களைத் திட்டியிருந்தால் தேவலை.

தணிகைவேல் பலகையிலிருந்து இறங்கினார். ஏறும்போது இருந்ததைவிட அது உயரமாக இருந்திருக்கவேண்டும். இறங்க வெகு நேரம் பிடித்தது.

பெட்டியை வேகனில் ஏற்றினார்கள். சங்கிலி இழுக்க ஆள் போதாமல் தானியேலையும் கூப்பிட்டார்கள். போய் இழுத்தார்.

திரும்பி வந்தவரிடம் சுந்தரமூர்த்தி தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்த ஊர்ல இத ஓட்டத் தெரிஞ்சவங்க இல்ல தானியேல். நீ நேர்ல போய் நின்னா எடுத்துக்குவாங்க. நான் சொல்லி வெக்கிறேன்."

"ரயில் சார்ஜு சார்?"

"அதுக்குத் திட்டத்துல எடமில்ல."

ஆரோக்கியமேரி இருவரையும் பார்த்தாள். பிறகு தணிகைவேலைப் பார்த்தாள்.

"ஐயா, தடுக்கறவன கண்டுபுடிச்சிக் குடுக்கறேன்னீங்களாமே. யாருங்கய்யா அது?"

என் முதலாளிக்குப் பதில் தெரியாத கேள்வி என்று ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை. இதற்கும் பதில் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் காத்திருக்கவில்லை. தூக்குச் சட்டியின் மூடியைக் கழற்றி, சரக்கு நிறுக்கும் தராசு மேடைமேல் மல்லாத்தி வைத்தாள். எதையும் கேட்கவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். வேலி ஓரத்து ஜனங்களுக்குப் புரிந்தது. தானியேல் அவர்களோடு குழியில் நின்றவர். எல்லோருடைய கையும் மடிக்கோ முந்தானை முடிச்சுக்கோ போயிற்று. போன இடத்திலேயே நின்றது. எவ்வளவு போடுவது? முதலில் யார் போடுவது? ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்த்தார்கள். அன்று பகல் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை. மூடி காலியாகவே கிடந்தது.

"நல்லா இருக்கு," என்றேன் மெதுவாக. "இதுக்கும் ஒரு ஆபீசர் வேணும் போல சார்."

திரும்பினேன். தணிகைவேல் என் பக்கத்தில் இல்லை.

எஞ்சின் ஊதியது. யார்டில் இருந்த அத்தனை தலைகளும் வேகன் பக்கம் திரும்பின. நான் மட்டும் அவரைத் தேடிக்கொண்டிருந்ததால் பார்த்தேன். தராசு மேடையை ஒட்டி, யாரோ வழிப்போக்கர் மாதிரி நடந்து போனார். மடங்காத வலது கையை விட்டுவிட்டு இடது கையைச் சட்டைப் பையில் விட்டார். எட்டணா ஒன்று வெளியே வந்தது. மூடியின் ஓரத்தில் வைக்கவில்லை. குனிந்து, நட்டநடுவில், சிங்கம் மேலே பார்க்க வைத்தார். சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, விரல் நுனியால் கொஞ்சம் நகர்த்தினார்.

பிறகு நாலடி தள்ளிப் போய், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்தார்.